கோத்தகிரி வீட்டிலிருந்து புது டிசைன் வேலை: கரண்ட், ஈரம், தமிழ் எழுத்து – அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சீகைமரம் | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். போன திங்கள்கிழமை புது வேலையில் சேர்ந்தேன். எட்டு வருஷமாகச் சென்னையில் செயலிகளுக்குத் திரை வடிவமைத்துக்கொண்டிருந்தவள். அப்பாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதால் கட்டபெட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். கம்பெனி கோயம்புத்தூரில். புதன்கிழமை மட்டும் கீழே போக வேண்டும், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை.

வேலை என்னவென்றால், சிறு தேயிலை விவசாயிகளுக்கான செயலி. இன்றைக்கு எவ்வளவு கொழுந்து போட்டோம், எவ்வளவு கழித்தார்கள், பணம் எப்போது வரும் என்று கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அப்பா அரவங்காடு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலைத் திறந்தால் தேயிலைதான், ஆனால் எங்களுக்கென்று ஒரு செடி கிடையாது. அதனால் இந்தத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்தேனே தவிர உள்ளே போனதில்லை.

அம்மாவின் தையல் மேசைதான் இப்போது என் ஆபீஸ். 27 அங்குல மானிட்டர், வரைபலகை, சென்னையில் ஆசையாகச் சேர்த்து வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டு. கிழக்கு ஜன்னல், காலையில் வெளிச்சம் அருமையாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் விளக்குப் போட்டாக வேண்டும்.

முதல் நாளே அறிமுகக் கூட்டத்தில் நான் பேச ஆரம்பித்து நாலு நிமிஷம் ஆகியிருக்கும். இடி இடித்தது, கரண்ட் போயிற்று. மானிட்டரும் ரவுட்டரும் சேர்ந்தே அணைந்தன. கைபேசியில் நெட் எடுத்துத் திரும்ப உள்ளே வர எட்டு நிமிஷம் ஆயிற்று, அதுவரை பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினால் பாதையில் காட்டெருமை நாலு நிற்கிறது. அது நகர்கிற வரை நாமும் நிற்க வேண்டியதுதான், அது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

கரண்ட் போனால் ஒரு முழு வேலைநாளைத் தாங்குகிற மாதிரி என்ன ஏற்பாடு செய்யலாம்? ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்தச் சாமான்களை எப்படிக் காப்பது? திரைக்குத் தமிழ் எழுத்து வைப்பதில் கை பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த மூன்றும்தான் என் கேள்வி. மூன்றாவதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

வெள்ளிநீர் | ஞாயிறு, இரவு 10:40

கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். நானும் பதினொரு வருஷமாக மலையில் இருந்தபடியே கணினி வேலை பார்ப்பவன். முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் 65 வாட், மானிட்டர் 30, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 15 என்றால் மொத்தம் 110 வாட். 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட்-அவர் இருப்பதாகக் கணக்கு வரும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுசு குறையும், அதனால் 900 என்று வையுங்கள். இன்வெர்டர் தின்பது போக எழுநூறு சொச்சம் கையில் நிற்கும். ஆறரை மணி நேரம் ஓடும்.

இது புது பேட்டரிக்கு. ஈய-அமில பேட்டரி குளிரில் கொள்ளளவு குறைந்து நடக்கும், மார்கழியில் ஐந்து மணி நேரம் என்றே நம்புங்கள். சிமெண்ட் தரையில் நேரே வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் பூட்டக் கூடாது.

ரவுட்டருக்குத் தனியாக 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கரண்ட் போகிற அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து ஏறாமல் இருந்தாலே கூட்டம் தப்பிக்கும். உங்களுக்கு அந்த எட்டு நிமிஷம் போனது அதனால்தான். இடி இடிக்கிற மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மட்டும் வைத்து வேலை பாருங்கள். கரண்ட் வெகுநேரம் வராவிட்டால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோகும், அதனால் கோப்புகளைக் காலையிலேயே லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். இரவில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இந்துநகர்_பையன் | திங்கள், காலை 6:55

ஈரத்துக்கு நான் சொல்கிறேன், அக்கா. எங்கப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-ல் தொடங்கின கம்பெனி. பிலிம் மேல் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அவர் பேசிப் பேசியே நாங்கள் வளர்ந்தோம். வீட்டில் கேமரா வைக்கிற பெட்டியில் ஈரமானி இல்லாமல் இருந்ததில்லை.

லென்ஸ், ஹார்ட் டிஸ்க், மைக் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லோடு இருக்கட்டும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. 60-ஐத் தாண்டி நாள் கணக்கில் இருந்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும், சிலந்தி வலை மாதிரி. ஜெல் நிறம் மாறிவிட்டால் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

லேப்டாப்பையும் மானிட்டரையும் டப்பாவில் வைக்க முடியாது. தினமும் ஓடினாலே அதன் சூடே அதைக் காயவைத்துவிடும். பத்து நாள் மூடி வைப்பதுதான் கெடுதல்.

உங்கள் புதன்கிழமைதான் முக்கியம். விடியக்காலை பத்து டிகிரி குளிரில் ஜில்லென்று இருக்கிற லேப்டாப்பை எடுத்துக்கொண்டு 33 கிலோமீட்டரில் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறீர்கள். கீழே காற்று சூடு, ஈரமும் உண்டு. குளிர்ந்த இரும்பின் மேல் அந்தக் காற்று பட்டதும் பனித்துளி மாதிரி கட்டும், உள்ளேயும் கட்டும். ஆபீஸ் போனதும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருந்து சூடேறட்டும், பிறகு திறந்து போடுங்கள்.

சீகைமரம் | வியாழன், இரவு 8:30

வெள்ளிநீர் சார், இந்துநகர் தம்பி, ரொம்ப நன்றி. ரவுட்டர் யூ.பி.எஸ். வந்துவிட்டது. இன்றைக்கு இரண்டு தடவை கரண்ட் போயும் பேச்சு அறுபடவில்லை. நேற்று லேப்டாப்பை ஆபீஸில் அரை மணி பைக்குள்ளேயே வைத்தேன். பக்கத்து மேசைப் பையன் ஏன் என்று கேட்டான், சொன்னேன். அவன் ஒரு தடவைகூட மலை ஏறாதவன், ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டான்.

இப்போது மூன்றாவது விஷயம். எனக்கு முன்னால் இருந்தவர் ஃபிக்மா என்கிற வடிவமைப்பு மென்பொருளில் அறுபத்திரண்டு திரை வரைந்து வைத்திருக்கிறார். கண்ணுக்கு அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே ஆங்கிலத்தில் வரைந்தது. கடைசியில் தமிழைக் கொண்டுவந்து அதே பெட்டிகளுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆறெழுத்துப் பொத்தான், தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’. பொத்தானை விட்டு வெளியே வழிகிறது. அதைச் சரிசெய்ய எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்ததே இருக்கிறது. அதனால் ‘கீ’யின் தலைச்சுழியும் ‘ழு’வின் கீழ்ச்சுழியும் மேல்வரி கீழ்வரியோடு மோதுகின்றன. தலைப்புகளுக்கு எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது எடுப்பாக இருக்கும். தமிழில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நீளமான சொல்லை மென்பொருள் வெட்டுகிறது. ‘கொழுந்து’ நமக்கு நாலு எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணுகிற யூனிகோடு முறைக்குக் க, ொ, ழ, ு, ந, ், த, ு என்று எட்டு. எட்டாவதில் வெட்டாமல் ஏழாவதில் வெட்டினால் ‘கொழுந்த’ என்று வந்து நிற்கிறது. ஒரு விவசாயியின் திரையில் அவருடைய பயிரின் பெயர் அரைகுறையாக நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அறுபத்திரண்டையும் தமிழிலேயே திரும்ப வரைய வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் முன்னால் இருந்தவரைக் குறை சொன்ன மாதிரி ஆகுமோ என்றும் யோசனை.

ஈயஎழுத்து | வியாழன், இரவு 11:05

அம்மா, நான் குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகம் நடத்தியவன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், எஸ்டேட் சம்பள ரசீது எல்லாம் கையால் கோத்து அடித்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்தபோது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற பழைய கேஸ் முன்னால் நிற்பது போல் இருந்தது.

ஈய எழுத்துக் காலத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே வரி இடைவெளி வைக்க மாட்டோம். தமிழ் வரிகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு தகடு செருகுவோம். செருகாவிட்டால் மேல்வரி ஞு, கீழ்வரி கீயின் மேல் உட்காரும். நீங்கள் இன்று திரையில் பார்க்கிறது அதுதான். ஆகவே நீங்கள் கேட்பது புதிதாக ஒரு சலுகை இல்லை, எழுத்துக்கு உரிய இடம்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. ணா, றா, னா மூன்றும் ணை, லை, ளை, னை நான்கும் மற்ற எழுத்துகளைப் போலவே கால், இரட்டைக் கொம்பு வைத்து எழுதப்படலாயின. அதற்கு முன் தும்பிக்கை போட்ட லை, னைக்கென்று கேஸில் தனித்தனி அறை இருந்தது. நாங்கள் அறைகளையே மாற்றி அடுக்கினோம், விரல் பழக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பழைய கேஸை அடுக்கியவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. எழுத்து மாறியது, அடுக்கும் மாறியது. உங்கள் முன்னவர் ஆங்கிலத்துக்கு அடுக்கினார், நீங்கள் தமிழுக்கு அடுக்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘சமர்ப்பிக்கவும்’ என்பது விண்ணப்பத் தாளின் சொல். ‘அனுப்பு’ என்று வையுங்கள். நான்கு எழுத்து, பொத்தானும் நிறையும். எழுத்தைச் சுருக்குவதற்கு முன் சொல்லைச் சுருக்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் காலத்துப் பழக்கம்.

டவுன்பஸ் | வெள்ளி, காலை 7:20

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் ஒப்பவில்லை. இன்றைக்குக் கைபேசி வைத்திருக்கிற எல்லாருக்கும் ‘ஓகே’, ‘சப்மிட்’, ‘பேலன்ஸ்’ தெரியும். நல்ல தமிழ் தேடப் போய் ‘நிகர எடை’, ‘பிடித்தம்’, ‘நிலுவை’ என்று வைத்தால் எங்கள் பெரியம்மா குழம்பிப் போவார். அவருக்கு ‘பேலன்ஸ்’தான் தமிழ். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் மொழிச் சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஈயஎழுத்து | வெள்ளி, காலை 9:48

தம்பி, பெரியம்மா ‘பேலன்ஸ்’ என்று சொன்னால் ‘பேலன்ஸ்’ என்றே வைக்கட்டும், தமிழ் எழுத்தில். எனக்கு அதில் மறுப்பில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அது அவர் வாயில் இருக்கிற சொல்லா, ஆபீசில் உட்கார்ந்து யோசித்த சொல்லா என்றுதான் கேட்கிறேன்.

கொழுந்து43 | வெள்ளி, மதியம் 1:15

அக்கா, கீழ்கோத்தகிரிப் பக்கம் நம்ம தோட்டம். ரெண்டு ஏக்கர். அம்மாதான் பாத்துக்கறாங்க, நான் லீவு நாள்ல கூட நிப்பேன். இங்க பேசுற எதையும் நீங்க எங்க கொழுந்து எடை போடுற செட்டுல வந்து நின்னு பாத்தீங்கன்னா பாதி கேள்விக்குப் பதில் கிடைச்சிரும். மூணு மணிக்கு மேல வாங்க. மழை பேஞ்சா கண்டிப்பா வாங்க, வராம இருந்துராதீங்க.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன். எங்கம்மா போன்ல ஏற்கனவே ஒரு செயலி இருக்கு, அதைத் தொறக்கறதே இல்ல. எழுத்து வெளிறின சாம்பல் கலர். மஞ்சு எறங்குன நேரத்துல சுத்தி எல்லாமே வெள்ளையா கண்ணைக் கூசும், அப்ப அந்த எழுத்து தெரியவே தெரியாது. அப்புறம் கை. நாள் பூரா இலை பறிச்ச கை, ஈரம். தொட்டா போன் கேக்காது, இல்லைன்னா வேற எதையோ தொறக்கும்.

வெள்ளிநீர் | வெள்ளி, மாலை 5:02

இந்தத் தம்பி சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொடுதிரை விரலின் மின்னூட்டத்தைத்தான் உணர்கிறது, நீரும் மின்சாரம் கடத்தும், அதனால் துளி எது விரல் எது என்று திரைக்குக் குழம்பும். அந்த நிலையில் சின்னப் பொத்தான்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் தப்பு நடந்தே தீரும். பொத்தானுக்கு ஆண்ட்ராய்டு சொல்கிற 48 டி.பி. என்ற திரை அளவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அது காய்ந்த விரலுக்கே குறைந்தபட்ச அளவு. நிறத்துக்கு, சாதாரண எழுத்தும் பின்னணியும் 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது உலகத்துக்கே பொதுவான வழிகாட்டல். மலையில் 7-க்கு 1 வைத்துவிடுங்கள்.

சீகைமரம் | செவ்வாய், இரவு 10:20

போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மூன்றரை மணி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரை போட்ட செட், முன்னால் சேறு. பதினைந்து பேர் இருக்கும், பெண்கள்தான் அதிகம். தலையில் மூட்டை, முதுகில் பிளாஸ்டிக் தாள். கொக்கித் தராசில் மூட்டையை மாட்டுகிறார்கள், எண் ஓடி நிற்கிறது, எடை போடுகிறவர் சத்தமாகப் படிக்கிறார், கார்பன் வைத்த சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுக்கிறார். ஒருவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் ஒரு ஓரமாக நின்று, சீட்டு கைக்கு வந்ததும் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன். எட்டுப் பேரைப் பார்த்தேன். எட்டுப் பேரும் முதலில் பார்த்தது கழிவை. மூட்டை 24 கிலோ. மழை ஈரத்துக்கு 2, சாக்குக்கு அரை. போக 21½. தராசு காட்டிய 24 அவர்கள் மனசில் ஏற்கனவே இருக்கிறது, கூட்டமே காதால் கேட்டாயிற்று. கழித்தது எவ்வளவு என்பதுதான் அவர்களுக்குத் தெரியாத எண். அதைப் பார்த்துவிட்டு உதடு அசைய ஒரு கழித்தல் போட்டுப் பார்க்கிறார்கள், சரியாக வந்தால் சீட்டை மடித்து இடுப்பில் செருகுகிறார்கள்.

எங்கள் திரையில் என்ன இருக்கிறது தெரியுமா? பெரிதாக ‘நிகர எடை 21.5’. அதற்குக் கீழே இந்த மாதத்தின் வரைபடம், பச்சைக் கோடு ஏறி இறங்கும். கழிவைப் பார்க்க வேண்டுமென்றால் ‘மேலும் விவரங்கள்’ என்பதைத் தொட்டு உள்ளே போக வேண்டும், அங்கே ‘பிடித்தம்’ என்று இருக்கும். அவர்கள் எதைச் சரிபார்க்கத் துடிக்கிறார்களோ அதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறோம். வேண்டுமென்றே யாரும் செய்யவில்லை. ஆனால் ஒளித்தது போலத்தான் அந்தப் பெண்களுக்குத் தெரியும். எனக்கு அங்கேயே முகம் சுட்டது.

கொழுந்து43 தம்பியின் அம்மாவிடம் என் கைபேசியைக் கொடுத்தேன். இலைச்சாறு ஊறிக் கறுத்த விரல். சேலைத் தலைப்பில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். ‘விவரங்கள்’ பொத்தானைத் தொட நான்கு முறை முயன்றார், இரண்டு முறை பக்கத்தில் இருந்த வேறொன்று திறந்தது. பிறகு அவருடைய கைபேசியிலேயே ஏற்றிப் பார்த்தோம். கண் தெரிய வேண்டும் என்று எழுத்தளவை ஆகப் பெரியதாக மகன் வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அளவில் எங்கள் திரையே உடைந்துபோகிறது, பொத்தானில் ‘சமர்’ மட்டும் தெரிகிறது. எட்டு வருஷ வேலையில் அந்த அமைப்பைத் திருகி நான் எத்தனை தடவை சோதித்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

ராத்திரியே உட்கார்ந்து ஒரு திரை மட்டும் வரைந்தேன். சீட்டு மாதிரியே. மேலே ‘மூட்டை 24’. அதன் கீழே ‘ஈரம் 2’, ‘சாக்கு ½’. ஒரு கோடு. ‘கழிவு போக 21½’. பள்ளிக்கூடத்தில் கழித்தல் போடுகிற மாதிரி எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, சாம்பலே இல்லை. திரையின் அகலம் முழுக்க ஒரே ஒரு பொத்தான். அனெக் தமிழ் எழுத்துரு எடுத்தேன், அதில் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் நீளச் சொல்லையும் அளவைக் குறைக்காமல் உட்கார வைக்க முடிகிறது. வரி இடைவெளி ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் கூட.

பணத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டேன். பச்சைத் தேயிலைக்கு அந்த மாதச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. அதனால் இன்றைக்குப் போட்ட கொழுந்துக்கு முடிவான ரூபாய் இன்றைக்கே தெரியாது. பழைய திரை உத்தேசமாக ஒரு தொகையைப் பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு அக்கா அதைப் பார்த்ததும் “இவ்வளவு தர்றாங்களா?” என்று கேட்டார். அது தொகை இல்லை அக்கா, கணிப்பு என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. அந்த எண்ணை எடுத்துவிட்டேன். ‘மாச விலை வந்ததும் தெரியும்’ என்று மட்டும் இருக்கிறது.

நாளைக்குப் புதன்கிழமை. கூட்டத்தில் காட்டப் போகிறேன்.

டவுன்பஸ் | செவ்வாய், இரவு 11:31

‘கழிவு போக’. எங்கள் பெரியம்மா சொல்வதும் அதேதான். நான் முன்னே எழுதியதில் ‘நிகர எடை’ வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், பதிலுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. நாளைக்கு நன்றாகப் போகட்டும்.

பூத்தையல் | புதன், காலை 6:10

ஊட்டியில் தோடர் பூவேலைக் கூட்டு ஒன்றுக்கு வண்ணப் பட்டியல் செய்து கொடுக்கிறவள் நான். உங்கள் ‘எண்கள் நேராக’ என்ற வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. தோடப் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. வெள்ளைப் பருத்தியின் இழைகளை விரலால் எண்ணிக்கொண்டே சிவப்பும் கறுப்பும் ஏற்றுகிறார்கள். நெசவின் கட்டம்தான் அவர்களுக்கு வரைதாள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை இது. நான் கணினியில் வரைந்து கொண்டுபோன மாதிரி ஒன்று அழகாக இருக்கிறது என்றார்கள், ஆனால் இழை கணக்கு இடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் துணியைக் கையில் வாங்கி எண்ணிவிட்டுத்தான் கணினியைத் திறக்கிறேன். நீங்கள் முதல் மாதத்திலேயே செட்டுக்குப் போனீர்கள், எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

சீகைமரம் | வியாழன், இரவு 9:50

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். முதலில் திரையைக் காட்டவில்லை. அந்த அம்மா அனுமதியோடு எடுத்த சீட்டின் படத்தைக் காட்டினேன், எட்டுப் பேரின் கண் எங்கே போயிற்று என்பதைச் சொன்னேன், பிறகு என் கைபேசியைக் கொடுத்து, தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்துவிட்டுப் பழைய திரையைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். எங்கள் குழுத் தலைவர் மூன்று முறை தொட்டார். பேசாமல் கைபேசியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

புதுத் திரை ரசீது மாதிரி இருக்கிறது, செயலி மாதிரி இல்லை என்று ஒருவர் சொன்னார். ஆமாம், அவர்கள் நம்புகிறது ரசீதைத்தான் என்றேன். ஈயஎழுத்து ஐயா சொன்ன கேஸ் கதையை அப்படியே சொன்னேன், முன்னவரைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. எடைத் திரை மாறுகிறது. வரைபடம் கீழே போகிறது. ‘அனுப்பு’ எல்லா இடத்திலும் வரும். எழுத்தை வெட்டுகிற கோளாறை நிரல் எழுதுகிறவரே தேடிக் கண்டுபிடித்துவிட்டார், இனி முழு எழுத்தில்தான் வெட்டும். பணத் திரையில் உத்தேசத் தொகையை எடுக்க மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமை திரும்பப் பேசுவேன். மற்ற திரைகளையும் இனிமேல் தமிழில் வரைந்த பிறகே ஆங்கிலம் என்று முடிவாகியிருக்கிறது.

தலைவர் அடுத்த மாதம் செட்டைப் பார்க்க நேரில் வருகிறேன் என்கிறார். காரில் வருவாராம்.

இந்துநகர்_பையன் | வியாழன், இரவு 10:08

நல்ல சேதி அக்கா! வெளி மாவட்ட வண்டி என்றால் மலைக்கு வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) எடுக்கச் சொல்லுங்கள், 2024 மே 7-லிருந்து அது இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம், சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும். ஸ்வெட்டரும் ஒன்று.

சீகைமரம் | சனி, மாலை 6:40

இன்றைக்கும் செட்டுக்குப் போனேன். புதுத் திரையைக் கொழுந்து43 தம்பியின் அம்மா ஒரே தொடுதலில் திறந்தார். கழிவைப் பார்த்தார், உதடு அசைந்தது, தலையாட்டினார். பக்கத்தில் ஒரு பாட்டி நின்றிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டு, படுகர்களின் மொழியான படுகுவில் ஏதோ கேட்டார். தம்பியின் அம்மா சொன்னார்: “இது பேசுமான்னு கேக்கறாங்க.”

பேசாது பாட்டி என்றேன். அதிலிருந்து அதே யோசனைதான். வீட்டில் படுகு பேசுகிறவர்கள், எழுதுவதென்றால் பெரும்பாலும் தமிழ் எழுத்தில்தான். படித்தவர்களுக்கு எங்கள் திரை போதும். பாட்டிக்குக் குரல் வேண்டும். எண்கள் ஒன்றிலிருந்து நூறு வரை, ‘அரை’, ‘மூட்டை’, ‘ஈரம்’, ‘சாக்கு’, ‘கழிவு போக’ என்பதற்குப் படுகுவில் சொல்கிற சொற்கள். இவ்வளவு பதிவு செய்தால் எடைத் திரையைப் பேச வைத்துவிடலாம், நெட் இல்லாமலும் ஓடும். நல்ல மைக் என்னிடம் இருக்கிறது. படுகு தாய்மொழியாக உள்ள, தெளிவாகப் பேசுகிற ஒருவர் வேண்டும். முடிந்தால் வயதில் மூத்த பெண் குரல்.

கொழுந்து43 | சனி, இரவு 7:25

அம்மாகிட்ட கேட்டுட்டேன் அக்கா. சரின்னுட்டாங்க. நாளைக்கு இலை எடுக்கறது இல்ல, காலைல பத்து மணிக்கு வாங்க. தகரக் கூரைல மழை விழுந்தா சத்தம் பதிவாயிரும், அதனால உள் ரூம்ல ரெண்டு கம்பளி தொங்க விட்டு வைக்கறேன். அந்தப் பாட்டியும் வர்றாங்களாம், எண்ணை யாரும் தப்பாச் சொல்லிரக் கூடாதாம்.